காவியத்துக்கு முகம் எழுதிய இரவிவர்மா

திருமகள் என்ற பெயரைக் கேட்டவுடன் தமிழர் மனக்கண்ணில் எழும் உருவம் ஏறத்தாழ ஒன்றே. நீர்நிலை நடுவே மலர்ந்த தாமரையில் நின்ற கோலம், உடுத்திய புடவை, மேற்கரங்கள் இரண்டிலும் தாமரை மலர்கள், அருகே மாலை ஏந்திய யானை. நைனார்பாளையம் போன்ற சிற்றூர்களின் பூசை மாடம் முதல் மாநகரத்து வணிகர் கல்லாப்பெட்டி வரை அந்த உருவமே அமர்ந்திருக்கிறது. திருமகளைப் பாடிய புலவர்கள் ஈராயிரம் ஆண்டுகளாக இருந்திருக்கின்றனர். கல்லிலும் செம்பிலும் வடித்த சிற்பிகளும் இருந்திருக்கின்றனர். ஆயினும் இன்று உள்ளங்களில் குடியிருக்கும் முகம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு மனிதரின் தூரிகையிலிருந்து பிறந்தது. அம்மனிதர் கிளிமானூர் இரவிவர்மா.

திருவனந்தபுரத்துக்கு வடக்கேயுள்ள கிளிமானூர் அரண்மனையில் 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை ஏழுமாவில் நீலகண்டன் பட்டதிரி வடமொழிப் புலமை உடையவர். தாயார் உமா அம்பாபாய் கவிதை எழுதும் ஆற்றல் வாய்ந்தவர். பார்வதி சுயம்வரம் என்னும் துள்ளல் பாட்டை இயற்றியவர். கதகளிக்கு இராவண விசயம் எழுதிய வித்துவான் கோயித்தம்புரானும் இக்குடும்பத்தவரே. ஆகவே ஓவியம் கைக்கு வருமுன்னரே காவியம் காதுக்கு வந்துவிட்டது. பகலில் புராணம் படிப்பதும் இரவில் விளக்கு முன் ஆட்டம் காண்பதுமாக வளர்ந்த பிள்ளை, அரண்மனைச் சுவர்களில் கரித்துண்டால் விலங்குகளையும் மனிதர்களையும் எழுதித் தள்ளினான். பணியாளர் முறையிட, தாய்மாமன் இராசராச வர்மா வந்து பார்த்தார். சினந்து கொள்வதற்கு மாறாகத் தாமே ஆசிரியராக அமர்ந்தார்.

அந்த மாமனின் கலை எங்கிருந்து வந்தது என்பது தமிழர் அறிய வேண்டிய செய்தி. இசைக்குப் பெயர்பெற்ற சுவாதித் திருநாள் மன்னர் தம் அவைக்கு மதுரையிலிருந்து அழகிரி நாயுடு என்னும் ஓவியரை அழைத்திருந்தார். இராசராச வர்மா அவரிடம் பயின்றவர். தஞ்சைப் பாணியின் கோடும் வண்ணமும் அவ்வழியே கிளிமானூருக்கு வந்து சேர்ந்தன. இரவிவர்மாவை மேலை ஓவியத்தின் பிள்ளை என்று மட்டும் எழுதிச் செல்வோர், மதுரையையும் தஞ்சையையும் மறந்துவிடுகின்றனர்.

1862இல் மாமன் பதினான்கு வயது மருகனைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்று ஆயில்யம் திருநாள் மன்னரின் முன் நிறுத்தினார். மன்னர் கலையார்வம் மிக்கவர். பிள்ளையை அங்கேயே தங்கச் செய்து, அரண்மனையிலிருந்த மேனாட்டு ஓவிய நூல்களையும் படத்தொகுப்புகளையும் பார்க்க வகை செய்தார். அவையில் அப்போது மதுரையைச் சேர்ந்த இராமசாமி நாயக்கர் அரசவை ஓவியராக இருந்தார். நெய்வண்ணக் கலையின் நுட்பம் அந்நாளில் அங்கு அறிந்தவர் அரியர். நாயக்கருக்கு அது கைவந்திருந்தது. ஆனால் அவர் அதை இளைஞனுக்குக் கற்பிக்க விரும்பவில்லை. அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை என்பவர் ஆசிரியருக்குத் தெரியாமல் இரவில் வந்து, தாம் அறிந்ததைச் சொல்லிக் கொடுத்துச் சென்றார் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

இதில் நாயக்கரை மட்டும் குறைகூறுவது முறையன்று. கலையே சோறு போடும் குடியில் பிறந்தவனுக்கு அவன் அறிந்த நுட்பமே நிலபுலன். எதிரே நின்ற மாணவனோ அரச குடும்பத்துக்கு உறவினன். சம்பளம் இல்லாமலே வாழக்கூடியவன். அவனுக்குத் தொழிலைக் கொடுத்தால் தன் இடம் என்னாகும் என்ற அச்சம் பொருளற்றதன்று. பின்னாளில் நிகழ்ந்ததும் அதுவே: நாயக்கரின் பெயர் இன்று இரவிவர்மாவின் வரலாற்றில் ஓர் அடியாக மட்டும் நிற்கிறது. ஆறுமுகம் பிள்ளையின் பெயர் அவ்வளவுகூட நிற்கவில்லை.

1868இல் தியோடர் சென்சன் என்னும் ஐரோப்பிய உருவப்பட ஓவியர் திருவனந்தபுரம் வந்தார். அவரும் கற்பிக்க உடன்படவில்லை. மன்னர் வேண்டியதன் பேரில், தாம் வரையும்போது இளைஞன் அருகில் நின்று பார்க்க மட்டும் இசைந்தார். நின்றார், பார்த்தார், அறைக்குத் திரும்பித் தாமே செய்து பார்த்தார். ஆசிரியர் ஒருவரும் முழு மனத்துடன் கற்றுக்கொடுக்காத கலையில் ஒருவர் தலைமை பெற்ற வரலாறு இது. ஈரம் காயாத வண்ணத்தின் மேல் வண்ணம் எப்படிப் பொருந்தும், தோலின் மீது விழும் ஒளியும் பட்டின் மீது விழும் ஒளியும் எப்படி வேறுபடும் என்பனவற்றை அவர் தவறுசெய்தே கற்றார்.

1866இல் அவருக்கு மாவேலிக்கரை அரச குடும்பத்துப் பாகீரதியுடன் திருமணம் நடந்தது. 1870இல் கொல்லூர் மூகாம்பிகை கோயிலுக்குச் சென்று நோன்பிருந்தார். திரும்பும் வழியில் கோழிக்கோட்டில் நீதித்துறை அலுவலர் ஒருவரின் குடும்பத்தை ஊதியம் பெற்று வரைந்து கொடுத்தார். அரச உறவினர் ஒருவர் கூலிக்கு ஓவியம் எழுதுவது அந்நாளில் எளிய செய்தியன்று. அவருடைய தொழில் வாழ்க்கை அதிலிருந்து தொடங்குகிறது.

புகழைத் தந்த நகரம் சென்னை. 1873இல் சென்னையில் நடந்த நுண்கலைக் கண்காட்சிக்குத் தலைவாரி மல்லிகை சூடும் நாயர் மங்கையின் படத்தை அனுப்பினார். ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே படம் அவ்வாண்டு வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சியிலும் பரிசு பெற்றது. மறு ஆண்டு சென்னைக்கு அனுப்பியது, இசைக்கருவி மீட்டும் தமிழ்ப் பெண்ணின் படம். அதற்கும் பரிசு கிடைத்தது. இந்தியா வந்த வேல்சு இளவரசருக்கு அது பின்னர் அன்பளிப்பாக வழங்கப்பட்டது. 1876இல் துசியந்தனுக்கு மடல் எழுதும் சகுந்தலை வந்தாள். அப்போது சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகன் அதை வாங்கிக்கொண்டார். காளிதாசரின் நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த மோனியர் வில்லியம்சின் நூற்பதிப்பிலும் அச்சகுந்தலை பின்னாளில் இடம்பெற்றாள். காவியத்தைப் படித்து எழுந்த ஓவியம், காவியத்துக்கே முகப்பாயிற்று.

ஐரோப்பியக் கலைக்கழகங்கள் ஓவியங்களைத் தரம்பிரித்து வைத்திருந்தன. பூவும் பழமும் எழுதுவது கீழ்ப்படி. உருவப்படம் அதற்கு மேல். எல்லாவற்றுக்கும் உச்சியில் வரலாற்று ஓவியம். அரசர் போர்களும் முடிசூட்டும் மட்டுமன்றிப் புராணமும் இதிகாசமும் அந்தப் பெயருக்குள் அடங்கும். பல மாந்தரைக் கொண்ட ஒரு பெருங்கதையை அசையாத ஒரே காட்சியில் நிறுத்திக் காட்டுவது அதன் இலக்கணம். இரவிவர்மா நடப்பு வரலாற்றையும் வரைந்தார். திருவாங்கூர் அரச குடும்பத்தார் பக்கிங்காம் கோமகனை வரவேற்பதை 1880இல் எழுதினார். 1881இல் சயாசிராவ் கெய்க்வாட் ஆட்சிப் பொறுப்பேற்ற வேளையில் பரோடாவுக்கு அழைக்கப்பட்டு அரச குடும்பத்தினரை வரைந்தார். இவ்வகைப் படங்களில் சரிகையும் பதக்கமும் ஒளிர்கின்ற அளவுக்கு மாந்தர் ஒளிரவில்லை. அவர் உள்ளம் தோய்ந்தது காவியத்தில்தான்.

கவிஞனுக்கு நூறு பாடல்கள் உண்டு. ஓவியனுக்கு ஒரு கணமே உண்டு. அக்கணத்தைத் தேர்ந்தெடுப்பதில் இரவிவர்மா காட்டிய நுட்பம் எண்ணிப் பார்க்கத்தக்கது. கங்கையும் சந்தனுவும் பற்றிய கதையில் காதல் உண்டு, திருமணம் உண்டு, பிரிவு உண்டு. அவர் எடுத்துக்கொண்டதோ, எட்டாவது குழந்தையையும் ஆற்றில் விடச் செல்லும் கங்கையை மன்னன் தடுக்கும் வேளை. அவன் வாய் திறந்தால் குழந்தை பிழைக்கும், மனைவி போய்விடுவாள். சகுந்தலையின் கதையிலும் இவ்வாறே. தோழியரோடு நடந்து செல்பவள் காலில் முள் தைத்ததாகப் பாவனை செய்து நின்று, காதலனைத் திரும்பிப் பார்க்கிறாள். பாதம் ஒரு பொய் சொல்கிறது. கழுத்தின் திருப்பம் மெய் சொல்கிறது. நாடகத்தில் ஒரு சிறு செயலாகக் கடந்து போவது, 1898இல் தீட்டிய அவருடைய திரையில் முழுக்கதையாக நிற்கிறது. அன்னத்தின் வாயிலாக நளன் செய்தி கேட்கும் தமயந்தியும் அவ்வாறே: பேசுவது பறவை, படத்தில் காண்பது கேட்பவளின் முகம்.

1888இல் உதகையில் இருந்த சயாசிராவ், தம் புதிய இலட்சுமி விலாச அரண்மனைக்குப் புராணப் படங்கள் பதினான்கு வேண்டுமென்றார். பெரிய பணி, அதில் எதிர்பாராத ஒரு சிக்கலும் இருந்தது. திரௌபதி என்ன உடுத்தியிருந்தாள்? சுபத்திரையின் மேலாடை எத்தகையது? வங்காளத்தார்க்கும் மராட்டியர்க்கும் தமிழர்க்கும் மலையாளத்தார்க்கும் பொதுவான காவியங்கள். ஆனால் இவர்கள் உடுத்தும் முறை ஒன்றுபோல் இல்லை. சான்று தேடித் தம்பி இராசராச வர்மாவுடன் வடநாடு முழுதும் பயணம் செய்தார். கோயில்களையும் பழைய ஓவியங்களையும் பார்த்தார், நாடகமேடைகளையும் பார்த்தார். எல்லோர்க்கும் பொதுவான பழைய உடை எங்கும் கிடைக்கவில்லை. இறுதியில் தம் காலத்துப் பெண்கள் உடுத்திய புடவையையே காவிய மகளிர்க்கு உடுத்தினார். இன்று நாடகத்திலும் திரைப்படத்திலும் சீதையும் தமயந்தியும் புடவை கட்டி வருவதைக் கண்டு எவரும் வியப்பதில்லை. ஓர் ஓவியர் விடை கிடைக்காமல் செய்துகொண்ட முடிவே அதற்கு வழிவகுத்தது. 1890இல் பதினான்கு படங்களும் நிறைவெய்தின. பரோடாவிலும் பம்பாயிலும் மக்கள் திரள் திரளாக வந்து பார்த்தனர்.

தமிழ்க் காப்பிய மாந்தர் அவர் தூரிகைக்கு எட்டவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். உ. வே. சாமிநாதையரின் சிலப்பதிகாரப் பதிப்பு 1892இல்தான் வெளிவந்தது. பரோடாப் படங்கள் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே முடிந்துவிட்டன. மதுரை ஓவியர் மரபில் வந்த ஒருவரின் கையால் மதுரை எரிந்த கதை வரையப்படாமல் போயிற்று.

அரண்மனைச் சுவரோடு நின்றிருந்தால் இரவிவர்மா கலை வரலாற்று நூல்களோடு நின்றிருப்பார். அவரை வீடுதோறும் கொண்டு சென்றதில் கும்பகோணத்தில் பிறந்த ஒருவருக்குப் பங்குண்டு. திருவாங்கூரிலும் பின்னர் பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி. மாதவராவ், இப்படங்களுக்கு இருக்கும் வேட்கையைக் கண்டவர். கேட்போர் அனைவர்க்கும் கையால் வரைந்து கொடுக்க ஒரு பிறவி போதாது என்றும், தேர்ந்தெடுத்த சிலவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சில் படியெடுக்கலாம் என்றும் 1884இல் மடல் எழுதினார். பத்தாண்டு கழித்து இரவிவர்மா அச்சகத்தையே இங்கு கொண்டுவந்தார். 1894இல் பம்பாய்க்கு அருகே காட்கோபரில், வணிகர் ஒருவரைப் பங்காளியாகக் கொண்டு, செருமானியப் பொறிகளோடும் தொழில்வல்லாரோடும் அச்சகம் திறக்கப்பட்டது. முதலில் வெளிவந்தது சகுந்தலையின் பிறப்பு.

அத்தொழில் எளியதன்று. மூலப்படத்தின் நிறங்களைப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிச் சுண்ணக்கல்லில் கொழுப்பு மையால் எழுத வேண்டும். ஒரே தாள் ஒன்றன்பின் ஒன்றாக அத்தனை கற்களின் மீதும் செல்லும். மயிரிழை பிசகினாலும் இதழின் சிவப்பு கன்னத்தில் விழும். இறுதியாக மெருகெண்ணெய் பூசினால் தாள் நெய்வண்ணத் திரைபோல் மின்னும். இத்தனை உழைப்புக்குப் பின்னும் எளியோர் வாங்கத்தக்க விலையில் அப்படங்கள் கிடைத்தன.

கோயில் வாசலில் பிறப்பைக் கேட்டு மறித்து நிறுத்தப்பட்ட மக்கள் இந்நாட்டில் இலட்சக்கணக்கில் இருந்த காலம் அது. கருவறை உருவத்தை ஒருமுறையேனும் கண்ணால் காணாது மாண்டோர் தலைமுறை தலைமுறையாக உண்டு. அச்சிட்ட படத்துக்குக் கருவறை இல்லை. வாங்கியவன் குடிசையில் அது மாட்டப்படும். ஏற்றிய அகல் விளக்கே பூசை. இரவிவர்மா இதை நோக்கமாகக் கொண்டு அச்சகம் திறந்தார் என்று சொல்லுவதற்கில்லை. வணிகமும் புகழாசையும் அதில் இருந்தன. ஆயினும் நிகழ்ந்தது இது. அவருடைய மகள்வயிற்றுப் பேத்தியர் இருவர் 1900இல் திருவாங்கூர் அரச குடும்பத்தில் சுவீகாரம் கொள்ளப்பட்டனர். அவர்களில் ஒருவரின் மகனே 1936இல் எல்லா இந்துக்களுக்கும் கோயில்களைத் திறந்துவிட்ட சித்திரைத் திருநாள். கொள்ளுப்பேரன் அரசாணையால் கதவைத் திறப்பதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே, பாட்டனாரின் தாள்கள் சுவரைத் தாண்டியிருந்தன.

வீட்டுக்குள் வந்த படம் வேறொன்றையும் செய்தது. நளவெண்பாவைக் கற்ற ஒவ்வொருவர் நெஞ்சிலும் அதுவரை ஒவ்வொரு தமயந்தி இருந்தாள். கலைமகளும் அவ்வாறே பாடுவோர் மனத்துக்கேற்ப உருக்கொண்டாள். அச்சுப்படம் வந்தபின் அவர்கள் ஒரே முகம் பெற்றனர்: செம்மேனி, நீண்ட விழி, திரண்ட தோள். கருநிறத்து நாயகியர் ஓவியத்தில் வெளுத்தனர். கவிஞர் எழுத அமரும்போதே அந்த முகம் முன்வந்து நிற்கத் தொடங்கியது. இது பேறா இழப்பா என்பதில் இன்றளவும் இருதரப்பு உண்டு. இரண்டும் என்பதே உண்மைக்கு அணித்தாகும்.

அச்சகம் அவருக்குச் செல்வம் சேர்க்கவில்லை, கடன் சேர்த்தது. பம்பாயில் கொள்ளைநோய் பரவியபின் தொழிலாளர் நிலைக்கவில்லை. உலோனாவாலா அருகே மளவலிக்கு அச்சகம் இடம்பெயர்ந்தது; அங்கும் நிமிரவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், அங்கே பணியாற்றிய செருமானியத் தொழில்வல்லுநர் பிரிட்சு சிலைக்கரிடம் அச்சகமும் படங்களின் உரிமையும் விற்கப்பட்டன. பிறகு அவர் வரைந்த தேவியர் அவரைக் கேளாமலே விளம்பரத் தாள்களிலும் ஏறினர். இந்தியத் திரைப்படத்தின் தந்தையெனப்படும் பால்கே, இளமையில் அந்த அச்சகத்தில் வேலை பார்த்தவர். 1913இல் அவர் எடுத்த அரிச்சந்திரன் கதைக்கும் இரவிவர்மாவின் திரைகளுக்கும் உள்ள உறவு அங்கே தொடங்கியது.

சொந்த வாழ்வில் அவருக்கு அமைதி குறைவு. ஊர் ஊராகச் சென்று வரைபவருக்கு வீடு ஆண்டுக்குச் சில நாளே வாய்த்தது. 1891இல் பாகீரதி இறந்தார். பிரிவின் அளவு தெரிந்ததாலோ என்னவோ, 1893இல் அவர் எழுதிய ஒரு படம் எளிய வீட்டுக் காட்சி: இடுப்பில் குழந்தையுடன் தாய், தந்தை வரும் திசையைக் காட்டி நிற்கிறாள். அந்தத் தாய்க்கு அவருடைய மகளே மாதிரி. தந்தை படத்தில் இல்லை. அவ்வாண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய பத்துப் படங்கள் வைக்கப்பட்டுப் பரிசு பெற்றன. படங்கள் கடல் கடந்தன. கடல் கடத்தல் ஆசாரக் குறைவு என்று கருதிய குலத்தில் பிறந்தவர் கடைசிவரை கடக்கவில்லை.

உடன்பிறப்புகளில் தங்கை மங்களாபாயும் ஓவியர். அண்ணனின் உருவத்தைத் தீட்டியவர். தம்பி இராசராச வர்மா அண்ணனுக்கு நிழல். பல படங்களின் பின்னணியிலுள்ள மரமும் மலையும் நீரும் அவர் கைவண்ணம். கணக்கும் கடிதமும் அவர் பொறுப்பு. நாள்தோறும் குறிப்பெழுதும் வழக்கமும் அவருக்கு இருந்தது. 1904இல் அரசு இரவிவர்மாவுக்குக் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் அளித்தது. சில மாதங்களில், 1905 சனவரியில், தம்பி மறைந்தார். நீரிழிவால் தளர்ந்திருந்த அண்ணன் அதன்பின் எழவில்லை என்றே சொல்ல வேண்டும். ஆயினும் மைசூர் அரண்மனைக்கு ஒப்புக்கொண்ட காவியப் படங்களை விடவில்லை. சீதையைத் தூக்கிச் செல்லும் இராவணன் சடாயுவின் சிறகை வெட்டும் காட்சியும், இராமன் கடலரசன்மேல் வில்லை வளைக்கும் காட்சியும் அவ்விறுதி நாட்களில் உருவானவை. 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் கிளிமானூரில் அவர் உயிர் பிரிந்தது. அகவை ஐம்பத்தெட்டு.

சென்னையில் இந்தியா இதழை நடத்திக்கொண்டிருந்த பாரதியார் அப்போது இருபத்துமூன்று வயது இளைஞர். ஓவியர்மணி இரவிவர்மா என்னும் தலைப்பில் இரங்கற்பா எழுதினார். வேற்றுமொழி ஓவியர் ஒருவரின் மறைவுக்குத் தமிழின் பெருங்கவிஞர் பாட்டெழுதிய அந்நிகழ்ச்சி, இரவிவர்மாவைத் தமிழர் எவ்வளவு தமராகக் கருதினர் என்பதைக் காட்டும். அடுத்த ஆண்டே தமிழ்க் குருதி உடைய வேறொருவர் எதிர்ப்பக்கம் நின்றார். ஈழத்துத் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசாமி, இரவிவர்மாவின் தேவர்களில் தெய்வத்தன்மை இல்லை, நாடகமேடை மட்டுமே உண்டு என்ற கருத்துப்பட 1907இல் எழுதினார். வங்காளத்து ஓவியர்களும் அதையே சொன்னார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவர் பெயர் கலையறிஞர் நடுவே மங்கிக் கிடந்தது. 1979இல் அவருடைய படங்களை நாட்டின் கலைச்செல்வமென அரசு அறிவித்தது. 1993இல் புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தில் நடந்த பெருங்கண்காட்சி அறிஞர்களை மீண்டும் அவர் முன் நிறுத்தியது.

பொதுமக்கள் இந்த வழக்கைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கோவில்பட்டியில் கொண்டையராசு, அவருடைய மாணவர்கள் ஆகியோர் கையில் அந்தத் திருமகளும் கலைமகளும் தமிழ்நாட்டு முகம் பெற்றனர். சிவகாசி அச்சகங்கள் அவர்களை நாட்காட்டியில் ஏற்றி ஊர்தோறும் அனுப்பின. மளவலி அச்சகம் 1972இல் தீக்கிரையாயிற்று. மூலப்படிகள் பல வெந்தன. சிவகாசியில் அவ்வாண்டுக்கான நாட்காட்டிகள் வழக்கம்போல் அச்சாகிக்கொண்டிருந்தன.